அழித்துவிடச் சொன்ன விவரங்கள்

விடுதிக்காரர்கள் சங்கக் கூட்டத்துக்கு நான் போனது இ-பாஸ் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான். மலைக்கு வரும் வண்டிகளுக்கு அந்த அனுமதி கட்டாயமானதிலிருந்து எங்களைப் போல் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஓயாமல் ஒரு குழப்பம் இருந்துகொண்டிருந்தது. போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பேச வந்திருப்பவர் மதுரையிலிருந்து ஒரு பெண் வக்கீல் என்றும், பேசப்போவது தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க வந்திருக்கும் புதுச் சட்டத்தைப் பற்றி என்றும். எழுந்து போய்விடலாம் என்றால் வெளியே ஐப்பசி மழை. கொடைக்கானலில் அந்த மழையில் நனைந்தால் நான்கு நாள் தும்ம வேண்டும். உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் பெருமாள்மலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறோம். நான் பிறந்தது மேல்மலையில், பூண்டு போடுகிற குடும்பத்தில். கட்டிக்கொடுத்து இங்கே வந்தேன். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். வீட்டின் பக்கவாட்டில் மூன்று அறை கட்டி, வருகிறவர்களுக்கு விடுகிறோம். அறைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

வக்கீலுக்கு என்னைவிட வயது குறைவு. குளிர் தாங்காமல் சால்வையை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு பேசினார்.

“வர்றவங்க பேரு, போன் நம்பர், ஆதார் எல்லாம் வாங்குறீங்கல்ல? அது அவங்களுடையது. ஒரு காரியத்துக்காக உங்ககிட்ட கொடுத்து வச்சிருக்காங்க. அந்தக் காரியத்துக்கு மட்டும்தான் எடுக்கணும். சோலி முடிஞ்சதும் அழிச்சிரணும். அவங்களே வந்து அழிங்கன்னு கேட்டா, மறுக்க முடியாது.”

சங்கத் தலைவர் கையைத் தூக்கினார். ஏரிக்குப் பக்கத்தில் பெரிய லாட்ஜ் வைத்திருப்பவர், எல்லோருக்கும் அண்ணன். “ரெஜிஸ்டர் வையின்னு போலீஸ் சொல்லுது. அழின்னு நீங்க சொல்றீங்க. நாங்க யாரு பேச்சக் கேக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். “வேற ஒரு சட்டம் வையின்னு சொன்னத வையுங்க. அதுக்கு மேல உங்க போன்ல கெடக்கிறத அழிங்க. அம்புட்டுதான்.”

சட்டம் வந்துவிட்டது, விதிகளும் வந்துவிட்டன, எல்லாப் பகுதியும் ஒரே நாளில் நடைமுறைக்கு வராது, கட்டம் கட்டமாக வரும், அதற்குள் பழகிக்கொள்ளுங்கள் என்றார். தப்பு நடந்தால் அபராதம் கோடிக்கணக்கில் போகலாம் என்றும் சொன்னார். எனக்கு மனதில் நின்றது வேறொன்று. எதற்காக விவரம் கேட்கிறோம் என்பதை வருகிறவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லலாம், தமிழிலேயே எழுதி வைக்கலாம் என்று அவர் சொன்னது. அதுவரை நான் கையெழுத்துப் போட்ட தாள்களில் முக்கால்வாசி என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு அட்டையில் தமிழிலேயே எழுதினேன். உங்கள் பெயரும் முகவரியும் பதிவேட்டுக்காக; போன் நம்பர் அவசரத்துக்காக; ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகல் போதும்; வாசலில் கேமரா இருக்கிறது, அதில் பதிவது சில நாளில் தானாக அழிந்துவிடும்; உங்கள் விவரத்தை அழிக்கச் சொல்ல வேண்டுமானால் இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். என் கணவர் படித்துப் பார்த்துவிட்டு, “ரூம் கேட்டு வர்றவன் இதப் படிச்சா, ஏதோ கேசுல மாட்டுன வீடுன்னு ஓடிருவான்” என்றார். இருந்தாலும் ஆணி அடித்துக் கொடுத்தார்.

அந்த அட்டையை முழுதாகப் படித்த முதல் ஆள், கார்த்திகையில் தனியாக வந்த ஒரு பெண்.

முப்பது வயது இருக்கும். பஸ்ஸில் பெருமாள்மலை வந்து இறங்கி, அங்கே ஸ்டாண்டில் நின்ற என் கணவரின் ஜீப்பில் ஏறி வந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, இரண்டும் நனைந்திருந்தன. உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிட்டும் வராமல், அந்த அட்டைக்கு முன்னால் நின்று கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “இதெல்லாம் நெசமாவே செய்வீங்களாக்கா?” என்று கேட்டார்.

“எழுதிட்டேன். செஞ்சுதான ஆகணும்” என்றேன்.

பத்து நாளுக்கு மேல் இருந்தார். மழைக்காலத்தில் வேறு ஆட்கள் இல்லை. காலையில் வெள்ளனே எழுந்து ரோட்டோரமாக நடந்துவிட்டு வருவார். எங்கள் பக்கம் காட்டெருமை சர்வசாதாரணமாக வாசலுக்கு வரும். முதல் நாள் அதைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டவர், பிறகு சன்னல் வழியே நின்று வேடிக்கை பார்க்கப் பழகினார். மத்தியானங்களில் சமையலறைக்கு வந்து, என் அண்ணன் வீட்டிலிருந்து வந்திருந்த பூண்டை என்னோடு உட்கார்ந்து உரிப்பார். வேலை செய்த ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுவார், படம் பற்றிப் பேசுவார். வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, என் போன் அடித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னார்.

“நான் எங்க இருக்கேன்னு என் போன் எனக்கு முன்னாடி என் வீட்டுக்காரருக்குச் சொல்லிரும்க்கா. கல்யாணமான வாரத்துல அவரே ஏதோ போட்டுக் கொடுத்தாரு. மார்க்கெட்டுக்குப் போனா, ஏன் இந்தத் தெருவுல திரும்புனேன்னு கேப்பாரு. டாக்டர்கிட்ட போனா, ஏன் இம்புட்டு நேரம்னு கேப்பாரு. அடிச்சதில்ல. அடிச்சிருந்தா எங்க வீட்டுல நம்பியிருப்பாங்க.”

இப்போது கையில் வைத்திருந்தது புதுப் போன். நம்பரும் புதிது. காபி போட்டுக் கொடுத்தேன்.

எங்கே போகிறேன் என்று சொல்லாமலே கிளம்பிப் போனார். கொஞ்ச நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. “நான் தங்கியபோது கொடுத்த விவரங்களை வைத்திருக்க அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டியது போக மற்றதை அழித்துவிட்டுத் தெரிவிக்கவும்.” அதற்குக் கீழே, “அக்கா, வேறு யாரிடமும் இப்படிக் கேட்கும் தைரியம் வரவில்லை” என்று ஒரு வரி.

ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

முதலில் என் போன். அதில் அவர் நம்பர் இருந்தது, அழித்தேன். அடுத்து என் கணவரின் போன். ஆதார் நகலை அவர்தான் படம் எடுத்திருந்தார். அழித்தார். அழித்த பிறகும் அது குப்பைத் தொட்டியில் கிடந்தது. அங்கேயும் அழித்தார். பிறகு எனக்கு ஏதோ தோன்றி, இணையத்தில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தால், அங்கே அந்தப் படம் பத்திரமாக இருந்தது.

“நான் எதையும் மேல ஏத்தலயே” என்றார். முகத்தில் உண்மையான அதிர்ச்சி. கீழே தள்ளிக்கொண்டே போனோம். மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் தங்கியவர்களின் ஆதார் அட்டைகள், எங்கள் மகளின் சடங்குப் படங்களுக்கும் ஜீப் டயர் படங்களுக்கும் நடுவே வரிசையாகக் கிடந்தன. தேனிலவுக்கு வந்தவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள், பெயரே மறந்துபோனவர்கள்.

“ஏம்மா, ஆதார் நகல்தான? இத வச்சு யாரு என்ன பண்ணப்போறா?” என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே, “சரி, எல்லாத்தையும் அழிச்சிருவோம்” என்றார். சாயங்காலம் வரை உட்கார்ந்து அழித்தோம்.

அதோடும் முடியவில்லை. நகலை அச்செடுக்க அவர் அதைப் பெருமாள்மலையில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மறுநாள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், வருடக்கணக்காகப் பழக்கம். “எங்கிட்ட ஒண்ணும் இருக்காதுக்கா, பிரிண்ட் போட்டதோட சரி” என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு கோப்புறையைத் திறந்தார். திரை நிறைய முகங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ். பெருமாள்மலை வழியாக மேலும் கீழும் போன அத்தனை பேரும் அதற்குள் இருந்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் மருத்துவச் சீட்டும் அதில் கிடந்தது. நான் கண்ணை எடுத்துவிட்டேன். கடைக்காரரும் அப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்ப்பவர் போலத் தலையைச் சொறிந்தார்.

“தானா சேந்திருக்குக்கா” என்றார்.

எங்கள் விருந்தாளியின் அட்டையை என் கண் முன்னால் அழித்தார். மற்றவற்றையும் சாயங்காலத்துக்குள் அழித்துவிடுகிறேன் என்றார். அழித்தும் விட்டார், இப்போது ஒவ்வொரு நாளும் கடை சாத்தும் முன் அதைச் செய்கிறார்.

அன்றே அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். எங்கெங்கே இருந்தது, எங்கெங்கே அழித்தோம், பதிவேட்டில் உள்ள பெயரையும் முகவரியையும் மட்டும் சட்டப்படி ஏன் வைத்திருக்க வேண்டும் என்று ஒன்றையும் விடாமல் எழுதினேன். நன்றி என்று ஒரு வார்த்தை வந்தது. அவர் எழுதியதையும் நான் எழுதியதையும் மட்டும், அழித்ததற்கு அத்தாட்சியாக வைத்துக்கொண்டேன். வக்கீல் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்.

மார்கழியில் ஒரு காலை, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் படம் வந்தது.

கல்யாணப் பட்டுச்சேலையில், கழுத்து நிறைய மாலையோடு எடுத்த படம். கீழே, “காணவில்லை. மனநிலை சரியில்லாதவர். கொடைக்கானல் பக்கம் வந்திருப்பதாகத் தகவல். பார்த்தவர்கள் உடனே இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும். குடும்பத்தார் தவிக்கிறார்கள்” என்று இருந்தது. அனுப்பியவர் சங்கத் தலைவர். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே பதில்கள் விழுந்தன. “பெருமாள்மலை பஸ் ஸ்டாப்ல பாத்த மாதிரி இருக்கு.” “ஆமா, போன மாசம், ஜீப்ல ஏறுச்சு.” கைகூப்பும் பொம்மைகள், அழும் பொம்மைகள்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்தவருக்கு மனநிலை நன்றாகவே இருந்தது. ஆனால் அதை அந்தக் குழுவில் எழுதினால், அவர் எங்கே இருந்தார் என்பதை நானே சொல்லிக்கொடுத்தது போலாகும். தலைவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, அந்தப் படத்த எடுத்துருங்க.”

“ஏன் தங்கச்சி? பாவம், புள்ளையக் காணோம்னு குடும்பம் பதறிக் கெடக்கு. நல்லதுக்குத்தான போட்டேன்?”

“காணோம்னா போலீஸ்ல சொல்லியிருப்பாங்க. போலீஸ் நேரா நம்மகிட்ட கேட்டிருக்கும். இது யாரு நம்பர்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

கொஞ்சம் யோசித்தார். “வத்தலக்குண்டுல நம்ம கடைக்காரர் ஒருத்தர் அனுப்பினாரு. அவருக்கு வேற யாரோ.”

“அப்ப யாருக்காகத் தேடுறோம்னே நமக்குத் தெரியல. மனசு சரியில்லன்னு யாரு வேணும்னாலும் யாரப் பத்தியும் போட்டுறலாம். நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைகளப் பத்தியும் போடலாம்.”

அவருக்கு இரண்டு பேத்திகள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “எனக்கு இது தோணலம்மா” என்றார். படம் குழுவிலிருந்து போய்விட்டது. தங்கிப் போகிறவர்களின் படத்தையோ விவரத்தையோ யாரும் இங்கே போடக் கூடாது என்று அவரே அடுத்து எழுதினார். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்திருந்தார்கள். ஜீப் என்ற ஒரு வார்த்தை போதும். பெருமாள்மலை ஸ்டாண்டில் வந்து கேட்டால் எங்கள் வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள்.

அந்த வாரமே ஒரு பையன் வந்தான். பையன் என்றாலும் இருபத்தைந்து இருக்கும். மலை ஏறிப் பழக்கமில்லாதவன் என்று முகமே சொன்னது. வளைவுகளில் வாந்தி எடுத்து வெளிறியிருந்தான். மெல்லிய சட்டை, காலில் செருப்பு. வாசலில் நின்றே போனை நீட்டினான். அதே கல்யாணப் படம்.

“அக்கா, இது எங்க அக்கா. இங்க வந்து தங்குனாங்களா?”

மூக்கும் நெற்றியும் அப்படியே அவர் சாயல். நான் போனை வாங்கவில்லை.

“உள்ள வந்து உக்காருங்க தம்பி. டீ குடிங்க.”

உட்கார்ந்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மேசைமேல் வைத்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நிற்கும், மறுபடி அதிரும். அவன் எடுக்கவில்லை.

“இங்க யாரு தங்குனாங்க, தங்கலன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல தம்பி. உங்கள நம்பாம சொல்லல. நாளைக்கு நீங்க வந்து தங்குனாலும், உங்களத் தேடி வர்றவங்களுக்கு இதேதான் சொல்லுவேன்” என்றேன்.

“நான் கூடப் பொறந்தவன்க்கா.”

“தெரியுது.”

“ரெஜிஸ்டர ஒரு தடவ பாத்துக்கிறேன். கேமரா இருக்குல்ல வாசல்ல? அதுல பாத்துச் சொல்லுங்க.”

“ரெண்டையும் காட்ட முடியாது. போலீஸ்ல எழுத்துல கேட்டு வந்தா, அவங்களுக்குப் பதில் சொல்லுவேன். போங்க, கூட்டிட்டு வாங்க. நான் வருத்தப்பட மாட்டேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “போலீஸ்ல புகார வாங்க மாட்டேங்குறாங்க. அக்கா வீட்ட விட்டுக் கெளம்புறதுக்கு முன்னாடியே எங்க ஊரு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. என் இஷ்டத்துல போறேன், யாரும் தேட வேணாம்னு.”

இதை அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். மறைத்திருக்கலாம். அவன்மேல் எனக்கு இருந்த பயம் அங்கேதான் குறைந்தது. ஆனாலும் என் பதிலை மாற்ற அது காரணமாகாது.

அப்போது ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. என் கணவர் நேராக உள்ளே வந்தார். மேசைமேல் போன் கிடந்தது, திரையில் அந்தப் படம். அவர் அதைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். என் கணவர் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறவர். ஸ்டாண்டில் அவருக்கு அதனால் பலமுறை சண்டை வந்திருக்கிறது. ‘அட, இந்தப் பொண்ணா’ என்று ஒரு வார்த்தை வந்தால் எல்லாம் முடிந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தம்பி சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

எனக்கு மூச்சு வந்தது. பையன் இல்லை என்று தலையாட்டினான். இட்லியும் பூண்டுக் குழம்பும் இருந்தன. வைத்தேன். மறுக்காமல் சாப்பிட்டான். போன் மறுபடி அதிர்ந்தபோது என் கணவர், “எடுங்க தம்பி, வீட்டுல இருந்தா இருக்கும்” என்றார்.

“வீடு இல்லண்ணே. மாமா. அக்கா வீட்டுக்காரரு. அவருதான் அனுப்பி வச்சாரு. நான் எங்க போறேன்னு அவருக்குத் தெரியிற மாதிரி இதுல போட்டு விட்டிருக்காரு.” போனைக் கவிழ்த்து வைத்தான். “கீழ வத்தலக்குண்டுலயே அத ஆஃப் பண்ணிட்டேன். அதான் விடாம கூப்பிடுறாரு. அங்க பஸ்ஸு நின்னப்ப, மூணாவது தடவ அவரு கூப்பிட்டு ‘ஏன் இன்னும் அங்கயே நிக்கிற’ன்னு கேட்டப்ப, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க அக்கா இதத்தான் அஞ்சு வருசமா சொல்லுச்சு. நாங்க யாருமே காதுல வாங்கல.”

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, கிளம்பும்போது என்னிடம் சொன்னான்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. ஒருவேளை எங்கயாச்சும் பாத்தீங்கன்னா, அம்மாவுக்குத் தை மாசம் கண் ஆபரேஷன்னு சொல்லுங்க. வரச் சொல்லல. ஒரு தடவ பேசுனாப் போதும். மாமாகிட்ட, இங்க இல்லன்னு சொல்லிருவேன்.”

என் கணவரே அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாக என்மேல் பாய்ந்தார்.

“அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தா ஒனக்குப் பாவமா இல்ல? நல்லவன்னுதான் தெரிஞ்சு போச்சே. ஒரு வார்த்த, நல்லா இருந்துச்சு உங்கக்கான்னு சொன்னா என்ன கொறஞ்சு போகும்?”

“பின்ன நீங்க ஏன் சொல்லல?”

“நீ பாத்த பார்வை அப்படி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சொல்லியிருந்தாத் தப்புதான். இருந்தாலும் மனசு கெடந்து அடிச்சுக்கிருதுல்ல” என்றார்.

எனக்கும் அடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் நம்பரை நான்தான் அழித்திருந்தேன். மிச்சம் இருந்தது அந்த மின்னஞ்சல் ஒன்றுதான். அதற்கு எழுதலாமா? அழிக்கச் சொல்வதற்காக எழுதிய முகவரி அது. அம்மாவின் கண்ணைச் சொல்லி அந்த வழியாக நான் கதவைத் தட்டினால், அவரைத் தேடுகிறவர்களுக்கு நானும் ஒரு கை கொடுத்தவளாகிவிடுவேனோ? ஒருவேளை இதைக் கேட்டதும் அவசரப்பட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டால்? யோசித்து யோசித்துத் தலை வலித்தது. மறுநாள் வக்கீலுக்குப் போன் போட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “ரெண்டு விஷயம் இருக்குங்க. ஒண்ணு, அவங்களத் தேடி ஆள் வந்திருக்கு, படம் குரூப்ல சுத்தியிருக்கு. அது அவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும். அத நீங்க மறைக்கக் கூடாது. இன்னொண்ணு, அந்தப் பையன் சொன்ன சேதி. அது நல்ல சேதியாவே இருக்கலாம். ஆனா வாங்கிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க.”

“அப்ப என்ன செய்யட்டும் மேடம்?”

“கேளுங்க. சேதி இருக்கு, வேணுமான்னு கேளுங்க.”

அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான். நாங்கள் வளர்ந்த வீடுகளில் ஒரு பெண்ணுக்கு வரும் சேதியை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று சுற்றி நிற்பவர்கள் முடிவு செய்வார்கள். வேணுமா என்று அவளைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றே எழுதினேன். “உங்கள் படம் இங்குள்ள ஒரு குழுவில் வந்தது, எடுக்கச் சொல்லிவிட்டோம், எடுத்துவிட்டார்கள். உங்களைத் தேடி உங்கள் தம்பி தனியாக வந்தார். நீங்கள் தங்கியதாக நாங்கள் சொல்லவில்லை. அவர் ஒரு சேதி சொல்லிப் போயிருக்கிறார். உங்களுக்கு வேண்டுமென்றால் எழுதுங்கள், சொல்கிறேன். வேண்டாம் என்றால் என்னோடு இருக்கட்டும்.”

பதில் வரவில்லை. பொங்கல் வந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கீழே ரோட்டில் பச்சை வேட்டியோடு போய்க்கொண்டிருப்பதாக என் கணவர் ஒவ்வொரு நாளும் வந்து சொல்வார். சொல்லிவிட்டு, “ஏதும் வந்துச்சா?” என்பார். நான் இல்லை என்பேன். அந்த அம்மாவின் ஆபரேஷன் முடிந்திருக்குமோ என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லியே தொலைத்திருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும்.

ஒரு நாள் காலை, பக்கத்துத் தோட்டத்தில் கேரட் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன். ஒரே வார்த்தை. “சொல்லுங்கக்கா.”

கேரட் பையை ரோட்டோரத்தில் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே எழுதினேன். அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மாமாவிடம் இங்கே இல்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னதையும், போனில் இடம் காட்டுவதை அவனே நிறுத்தியதையும் எழுதினேன். அதுவும் அவருக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது.

மாசியில் அவரே போன் செய்தார். முதலில், இந்த நம்பரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வேறொரு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. எந்த ஊர் என்று சொன்னார். இங்கே நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையை எழுதட்டுமா என்று பிறகு அவரிடம் கேட்டேன். எழுதுங்கள், ஆனால் ஒன்றிரண்டு விவரத்தை மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றியிருக்கிறேன்.

தம்பியைப் பழனியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் வைத்துச் சந்தித்ததாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் இல்லாத, கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஊர் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தாராம். தம்பி தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். வழி கேட்டுக் கேட்டு வந்ததால் தாமதமாகிவிட்டது. முதல் அரைமணி நேரம் அக்காவும் தம்பியும் என்ன பேசுவதென்று தெரியாமல் தோசை சாப்பிட்டார்கள். பிறகு அவன் மன்னிப்புக் கேட்டான். விவாகரத்து வழக்குக்கு வக்கீல் வைத்தாகிவிட்டது. கணவர் என்னென்ன போனில் போட்டு வைத்திருந்தார் என்பதையும் அதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி தானே சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

“அம்மாகிட்ட பேசுனீங்களா?” என்று கேட்டேன்.

“ஆபரேஷனுக்கு மொத நாள் பேசுனேங்க்கா. எங்கூட வேலை பாக்குற நர்ஸ் போன்ல இருந்து. எங்க இருக்கேன்னு கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கேக்கவே இல்ல.”

“பின்ன என்ன பேசுனாங்க?”

“கேஸ் சிலிண்டர் தீந்து போச்சாம். புதுசு வர நாலு நாள் ஆச்சாம். பக்கத்து வீட்டுல அடுப்பு வாங்கிச் சமைச்சாங்களாம். அதையே கால்மணி நேரம் சொன்னாங்க. நான் உம் கொட்டிக்கிட்டே இருந்தேன்.”

அவர் சிரித்தார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்றார். கோடையில், கூட்டம் சேர்வதற்கு முன்னால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும் இரண்டு நாளைக்கு ஓர் அறை வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.